இமை முளைத்த ஊர்

தீபாவளிக்கு வெடி வைக்காத ஊர் சாத்தனேந்தல். பயத்தால் அல்ல, கஞ்சத்தனத்தாலும் அல்ல. ஐப்பசி மழையில் கண்மாய் பெருகியதும் நத்தைகுத்தி நாரைகள் வந்து, தண்ணீருக்குள் நிற்கிற கருவேல மரங்களில் கூடு வைக்கும். சத்தம் கேட்டால் மிரண்டு போகும். போனால் மறு மழை வராது என்று எந்தக் காலத்திலோ எவனோ சொல்லி வைத்தான். அன்றிலிருந்து அந்த ஊரில் பிறந்த பிள்ளை ஒரு பொட்டுவெடிகூடத் தட்டியதில்லை, கல்யாணத்துக்கு வேட்டு இல்லை, சாவுக்கு வேட்டு இல்லை, சாமி புறப்பாட்டிலும் கண்மாய்க்கரை வந்ததும் மேளக்காரர்கள் குச்சியை இடுப்பில் செருகிக்கொண்டு சும்மா நடப்பார்கள்.

இன்னொரு வழக்கமும் உண்டு. கூட்டிலிருந்து விழுந்த குஞ்சின்மேல் வெயில் ஏறக் கூடாது. உயிர் இருந்தால் கவட்டைக் கம்பால் தூக்கி மறுபடி கூட்டில் வைக்க வேண்டும். இல்லையென்றால் பெண்கள் தண்ணீருக்கு வருமுன் புதைத்துவிட வேண்டும். செத்த குஞ்சு கண்ணில் பட்டால், பார்த்தவள் வீட்டில் பிள்ளை தங்காது என்பார்கள். அந்த வேலை சேவுகன் வீட்டுக்கு. அப்பன் செய்தார், அப்பனுக்கு அப்பன் செய்தார், இப்போது ஐம்பத்தெட்டு வயதில் சேவுகன் செய்கிறார். ஊர் அவர்களைக் குஞ்சுக்காரர் என்று சொல்லும். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். ஒரே மகள் மீனாள். உள்ளூரிலேயே தவசி என்பவனுக்குக் கட்டிக் கொடுத்திருந்தார்.

ஊருக்கு மேற்கே இரண்டு குன்றுகள். பெரிய மொட்டை, சின்ன மொட்டை. பெரிய மொட்டையைக் கல்லுக்காகக் கேட்டுக் குவாரிக்காரர்கள் வந்தபோது ஊர் கூடியது. வெடி என்ற சொல்லைக் கேட்டதும் முகம் சுளித்தது. ஆனால் மேனேஜர் தயாளன் ஊர் வழக்கத்தை விசாரித்துக்கொண்டு வந்த ஆள். தீபாவளி அன்றைக்கு வெடி வைக்க மாட்டோம், முதல் நாளும் வைக்க மாட்டோம், எழுதியே தருகிறோம் என்றார். எழுதியும் கொடுத்தார். ஊருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. ஓட்டுக் கேட்டு வந்தவன், ரோடு போட வந்தவன், கண்மாயை அளக்க வந்தவன் எவனும் நம் வழக்கத்தை இப்படி மதித்ததில்லை என்று பேசிக்கொண்டார்கள். மிச்சம் முந்நூற்று அறுபத்து மூன்று நாளைப் பற்றி யாரும் கேட்கவில்லை. சேவுகனும் கேட்கவில்லை.

காலையில் பதினொரு மணிக்கு ஒரு வெடி, மாலையில் நாலு மணிக்கு ஒரு வெடி. இடையில் கல்லை அரைக்கிற கிரஷர். அதன் வெள்ளைத் தூசி ஓட்டின்மேல், சோற்றின்மேல், கண்மாய்த் தண்ணீரின்மேல் மாவு மாதிரி இறங்கியது. முதல் வெடிக்கே ஒரு கூட்டம் நாரை எழும்பிப் பறந்து போனது, திரும்பவில்லை. அந்தத் தை மாதத்தில், வெடிக்கு வெடி மரம் குலுங்கி, கூட்டில் இருந்த குஞ்சுகள் முற்றிய நெற்று மாதிரி உதிர்ந்தன. சேவுகன் முழங்கால் தண்ணீரில் இறங்கிப் பொறுக்கினார். தூக்கி வைத்தது மறுபடி விழுந்தது. மறுபடி தூக்கினார். பிறகு தூக்குவதை விட்டுப் புதைப்பதில் இறங்கினார். கரைக்குப் பின்னால் குழிமேல் குழியாக வெட்டினார். பெண்கள் வருவதற்குள் கண்மாய் பளிங்கு மாதிரி இருந்தது.

மறு வருஷம் பொரித்த குஞ்சுகளுக்கு நகம் கொக்கி மாதிரி வளைந்திருந்தது. எப்படி என்று கேட்டால் பதில் இல்லை. ஆயிரம் தலைமுறையில் நடப்பது அந்தக் கண்மாயில் ஒரு மழைக்கும் மறு மழைக்கும் நடுவில் நடந்தது, அவ்வளவுதான். வெடி வெடித்தது, மரம் ஆடியது, குஞ்சுகள் கிளையைப் பிடித்துக்கொண்டு ஊஞ்சல் ஆடின. ஊர் கரையில் நின்று பார்த்தது. பார்த்துவிட்டு வேலைக்குப் போனது. ஆட்டுக்காரன் ஒருவன் அந்த நகத்தைப் பார்த்து அதே வளைவில் தொரட்டி அடித்துத் தரச் சொல்லிக் கொல்லனிடம் நின்றான். குஞ்சுகள் பழகிக்கொண்டன என்று ஊரில் ஒரு சொல் பிறந்தது. அது நல்ல சொல். வாயில் போட்டால் சுகமாக இருந்தது.

ஆனால் நகம் வளைந்த குஞ்சுகளும் அந்த வருஷம் தூசியில் செத்தன. மூக்கின் துளையில் வெள்ளையாக அடைத்துக்கொண்டு, அலகைத் திறந்து திறந்து மூடிக் கூட்டிலேயே செத்து, பிறகு கொக்கி நகத்தோடு தொங்கின. சேவுகன் கம்பால் விடுவித்து இறக்கினார். புதைத்தார். மூன்றாம் வருஷம் பொரித்தவற்றுக்கு அலகின் மேல் இரண்டு துளைகளுக்கும் இமை இருந்தது. கண்ணிமை மாதிரி மெல்லிய தோல். தூசி வரும்போது மூடும், காற்று தெளிந்தால் திறக்கும். கண்மாய் நத்தைகளின் ஓட்டில் கல்தூசி ஏறி அவை கூழாங்கல்லாக இறுகிப்போன வருஷத்துக்கு மறு வருஷம், அலகு பாக்குவெட்டி மாதிரித் தடித்தது. அவை நத்தை உடைக்கிற சத்தம் தெரு வரைக்கும் கேட்டது, கேட்டுக்கொண்டே ஊர் மத்தியானத் தூக்கம் தூங்கியது.

ஊர் இதை எடுத்துக்கொண்ட விதத்தைச் சொல்ல வேண்டும். பஞ்சாயத்தில் ஊர் முகப்பில் ஒரு வளைவு கட்டி அதன் உச்சியில் இமை வைத்த நாரை ஒன்றைச் சிமெண்டில் செய்து வைத்தார்கள். பள்ளிக்கூடச் சுவரில் இமை நாரையை வரைந்தார்கள். மதுரையிலிருந்து கேமராவோடு வந்தவர்களுக்கு இளநீர் வெட்டிக் கொடுத்து எந்த மரத்தில் எந்தக் கூடு என்று காட்டினார்கள். வெளியூரில் பெண் எடுக்கப் போனால் எங்கள் ஊர் நாரை என்று பேச்சைத் தொடங்கினார்கள். கிரஷரில் வேலைக்குப் போகிறவர்கள் முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு, நமக்கும் ஒன்று முளைத்தால் தேவலை என்று சிரித்தார்கள். சிரித்து இருமினார்கள். தவசியும் கிரஷரில்தான் இருந்தான்.

நாலாம் வருஷம் அது முளைத்தது. கீழத்தெருவில் ஒருத்திக்குப் பிறந்த பிள்ளையின் மூக்கில், இரண்டு துவாரத்திலும், ரோஜா இதழ் மாதிரி ஒரு தோல். பிள்ளை அழும்போது திறந்தது, தூசி வந்தபோது மூடியது. சுகாதார நிலையத்து நர்ஸ் எஸ்தர் ஒரு நிமிஷம் பார்த்தாள், பிறகு அட்டையில் எடைக்குக் கீழே இமை உண்டு என்று எழுதினாள். அதற்கென்று கட்டம் இல்லாததால் ஓரத்தில் எழுதினாள். அடுத்த அட்டை அச்சடித்து வந்தபோது கட்டமும் இருந்தது. அந்தப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாகப் போனார்கள். மேனேஜர் தயாளன் ஒரு தொட்டில் வாங்கி வந்தார். அன்றிலிருந்து அந்த ஊரில் பிள்ளை பிறந்தால் ஆணா பெண்ணா என்று யாரும் கேட்பதில்லை. இமை இருக்கா என்றுதான் கேட்டார்கள்.

இல்லாத பிள்ளைகளும் பிறந்தன. அவைதான் அதிகம். அவை முப்பது நாள், நாற்பது நாள் இருமின. பெரியவர்களைத் தின்னத் தூசிக்கு நாளாகும், பிள்ளைகளைத் தின்ன நாளாகாது. குஞ்சுக்காரர் கை சின்ன உயிருக்குப் பழகின கை, வலிக்காமல் கிடத்தும் என்று ஒரு வீட்டார் புதைக்கச் சேவுகனைக் கூப்பிட்டார்கள். பிறகு எல்லாரும் கூப்பிட்டார்கள். வெயில் ஏறுமுன் துணியில் சுற்றிக் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்வார்கள். ஒன்பது பிள்ளை. ஆறாவது பிள்ளை மீனாளுடையது. அவள் கதவைச் சாத்தவில்லை. அவர் கரை ஏறி மறைகிற வரைக்கும் வாசலில் நின்று பார்த்தாள். அழவில்லை. மறுநாள் தவசி வேலைக்குப் போனான்.

அந்த வருஷமே மறுபடி மாதவிடாய் நின்றது அவளுக்கு. அதிலிருந்து சேவுகனுக்கு வேறு நினைப்பில்லை. மகளின் வயிற்றைப் பார்ப்பார், சிமெண்டு நாரையைப் பார்ப்பார். தவசி மட்டும் தெம்பாக இருந்தான். இந்தத் தடவை வந்துரும் மாமா என்பான், பஸ்ஸைச் சொல்வது மாதிரி.

தை மாதம் குடியரசு தினத்துக்குக் கிராம சபை கூடியது. பெரிய மொட்டை தரைமட்டமாகிவிட்டது. சின்ன மொட்டையைக் கேட்டு மனு வந்திருந்தது. சின்ன மொட்டை கண்மாய்க்கரையை ஒட்டி இருக்கிறது. மேனேஜர் தயாளன் தீபாவளிக்குப் பிறகு ஒரு நாளும் சேர்த்து மூன்று நாள் வெடி இல்லை என்றார். கைதட்டினார்கள். பஞ்சாயத்துத் தலைவர் பொன்னழகு கெட்டவரில்லை. அவர் வீட்டிலும் ஒரு பேரன் இமையோடு இருந்தான், ஒரு பேத்தி குழியில் இருந்தாள். அவர் சேவுகனைப் பார்த்துக் கேட்டார்.

“குஞ்சுக்காரண்ணே, கிட்ட இருந்து பாக்குற ஆளு நீங்கதான். பறவைக்கு ஒரு கொறையும் இல்லேன்னு நாலு பேர் கேக்கச் சொல்லிருங்க. எழுதிக்கிடணும்.”

சேவுகன் எழுந்தார். “இருக்கிறது நல்லா இருக்கு.”

“அது போதும்ண்ணே.”

“போதாது. இல்லாதது கரைக்குப் பின்னால நாப்பத்தி மூணு குழியில இருக்கு.”

மேனேஜர் சிரித்தார். “பெரியவரே, ஆரம்பத்துல அப்படித்தான் இருக்கும். பறவை இப்பப் பழகிருச்சு.”

“ஒரு குஞ்சும் பழகலை. நேரா நகம் வச்சிருந்தது கடைசி வரைக்கும் நேரா நகத்தோடதான் செத்துச்சு. இமை இல்லாதது இமை இல்லாமத்தான் செத்துச்சு. ஒண்ணாச்சும் மாறி நான் பாக்கலை. மாறாததை எல்லாம் நான் பொறுக்கிப் பொதைச்சேன். நீங்க கரையில நின்னு பாக்குறது மிச்சம்.”

அவர் ஒன்பது வீட்டு ஆண்களையும் ஒவ்வொருவராகப் பார்த்தார். ஒன்பது பேரும் காலுக்குக் கீழே தரையில் ஏதோ கிடப்பது மாதிரிப் பார்த்தார்கள். பிறகு பின்வரிசையிலிருந்து ஒருத்தி, மூன்று மாதம் முன்னால் அவர் கையில் தன் பிள்ளையைக் கொடுத்தவள், தாழ்ந்த குரலில் சொன்னாள்.

“அடுத்ததுக்கு வந்துரும்ண்ணே. எங்க வீட்டுக்கும் ஒண்ணு வரட்டும். இப்பப் போயி நிறுத்தினா, போனதெல்லாம் சும்மா போனதா ஆயிரும்.”

சேவுகன் உட்கார்ந்துவிட்டார். கையைத் தூக்கச் சொன்னார்கள். தவசியின் கையும் கிரீஸ் கறையோடு உயர்ந்தது. சின்ன மொட்டையும் போனது.

மாசியில் மீனாளுக்கு வலி வந்தது. சுகாதார நிலையத்து வாசலில் பெண்கள் கூடி நின்றார்கள். கதவு திறந்தது. இமை இருக்கா என்று நாலைந்து குரல்கள் ஒன்றாகக் கேட்டன. எஸ்தர் உதட்டைப் பிதுக்கினாள். வந்தவர்கள் சேலைத் தலைப்பை உதறிக்கொண்டு ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். தவசி தூணில் தலையைச் சாய்த்து நின்றான். சேவுகன் உள்ளே போனார். பிள்ளையின் மூக்கைக் கட்டைவிரலால் துடைத்துப் பார்த்தார். இரண்டு துவாரம். உலகத்தில் எல்லாப் பிள்ளைக்கும் இருக்கிற மாதிரி, திறந்து கிடந்தன.

“பாத்துட்டியாப்பா” என்றாள் மீனாள், சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு.

“பாத்தேன்.”

“இதையும் நீதான் கொண்டுபோவியா?”

அவர் வெளியே வந்துவிட்டார்.

மறுநாள் விடிந்ததும் வழக்கம்போலக் கூடையும் கம்பும் எடுத்துக்கொண்டு கண்மாய்க்குப் போனார். சின்ன மொட்டையில் முதல் வெடி வைத்து மூன்று நாள் ஆகியிருந்தது. கொக்கி நகம், இமை, பாக்குவெட்டி அலகு எல்லாம் இருந்தும் இந்த வெடி வேறு மாதிரி வெடி. கிளையைப் பிடித்த குஞ்சு கிளையோடு முறிந்து விழுந்து தண்ணீரில் மிதந்தது, கரை நெடுக வெள்ளை வெள்ளையாக ஒதுங்கிக் கிடந்தது. ஒன்றை எடுத்துக் கூடையில் போட்டார். இன்னொன்றை எடுக்கக் குனிந்தார். அப்படியே நின்றார். சபையில் ஒருத்தரும் ஏன் நம்பவில்லை என்று நேற்றுவரை ஊரைத் திட்டிக்கொண்டிருந்தவருக்கு அப்போது உறைத்தது. அவர்கள் பார்த்ததே இல்லை. வெயில் ஏறுமுன் ஒரு சிறகுகூட மிச்சமில்லாமல் துடைத்து, கண்மாயைக் கல்யாண வீட்டு முற்றம் மாதிரி வைத்தது யார்? மூன்று தலைமுறையாக அவர் வீடுதான் வைத்தது. கூடையில் போட்ட குஞ்சை எடுத்துக் கரையிலேயே வைத்தார். வீட்டுக்கு நடந்தார்.

பெண்கள் தண்ணீருக்கு வந்தார்கள். குடத்தைப் போட்டுவிட்டு ஓடினார்கள். ஊர் அவர் வாசலில் வந்து நின்றது. உன் வீட்டுப் பிள்ளைக்கு இமை இல்லேன்னா எங்க வீட்டுப் பிள்ளையும் தங்கக் கூடாதா என்று ஒருத்தி மண்ணை வாரித் தூற்றினாள். பிள்ளைப் பொறாமையில் கிழவனுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்றார்கள். அவர் கட்டிலைவிட்டு எழவில்லை. இரண்டாம் நாள் நாற்றம் தெருவுக்கு வந்தது. மூன்றாம் நாள் பொன்னழகு வந்தார்.

“உங்க வீட்டு வேலைண்ணே அது. இப்படிப் போட்டா எப்படி?”

“போய் எண்ணிட்டு வா. எத்தனைன்னு எங்கிட்ட வந்து சொல்லு. நான் பொறுக்குறேன்.”

பொன்னழகு கண்மாய்க்குப் போனார். துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு கரையின் ஒரு கோடியிலிருந்து விரலை மடக்கிக்கொண்டே நடந்தார். பாதிக் கரை போனதும் விரல் நின்றுவிட்டது. திரும்பி வந்தார். சேவுகன் வீட்டுத் தெரு முனையில் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு தன் வீட்டுக்குப் போய்விட்டார். அதோடு ஏதாவது நடக்கும் என்று சேவுகன் அன்று பூராவும் காத்திருந்தார்.

நடந்தது. நாலாம் நாள் காலை குவாரியிலிருந்து கல் வாருகிற லோடர் வந்தது. கரையோடு கரையாக ஒரே வாரலில் வாரி, ஒரே குழியில் தள்ளி மூடியது. இனிமேல் தினமும் ஆறு மணிக்கு வரும், ஊருக்கு ஒரு செலவும் இல்லை என்று மேனேஜர் சொல்லி அனுப்பினார். ஏழு மணிக்குப் பெண்கள் தண்ணீருக்குப் போனார்கள். கண்மாய் சேவுகன் துடைத்ததைவிடச் சுத்தமாக இருந்தது. வழக்கம் காப்பாற்றப்பட்டது என்று ஊர் மூச்சு விட்டது.

மீனாள் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு கேட்டாள். “அப்பா, முதல் வருஷம் வெடி வச்சப்ப ஒரு கூட்டம் பறந்து போச்சுன்னியே. அது எங்க போச்சு?”

“தெரியலை.”

“இமை இருந்துச்சா அதுகளுக்கு?”

“இல்லை. சாதா நாரை.”

“செத்துருக்குமா?”

சேவுகன் யோசித்தார். நாற்பத்து மூன்று குழியையும் நினைவில் தோண்டிப் பார்த்தார். “நான் பொதைச்சதுல இல்லை” என்றார்.

அவ்வளவுதான் பேச்சு. ஒரு துணிப்பை, ஒரு தண்ணீர்ப் பாட்டில். பிள்ளை பிறந்த ஐந்தாம் நாள் பத்தேகால் பஸ்ஸுக்கு வளைவின் கீழே வந்து நின்றார்கள். தவசி ஓடி வந்தான். மீனாளிடம் பேச முகமில்லாமல் மாமனாரிடம் பேசினான். போக வேண்டாம் என்றான், தீட்டு கழியவில்லை என்றான், கடைசியில், “அடுத்ததுக்குக் கட்டாயம் வந்துரும் மாமா” என்றான்.

“இது மூச்சு விட்டுக்கிட்டு இருக்குடா” என்றார் சேவுகன்.

தவசி கிட்டே வந்து துணியை விலக்கி ஒரு தடவை பார்த்தான். அப்போதும் அவன் பார்த்தது மூக்கைத்தான். பஸ் தாமதமாக வந்தது. அவன் ஏறவில்லை. ஷிப்ட் இருந்தது.

அதற்கப்புறம் அந்த ஊரைப் பற்றிச் சொல்ல ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. இன்றைக்குச் சாத்தனேந்தலுக்குப் போனால் இமை இல்லாத ஒரு பிள்ளையை, ஒரு நாரையைப் பார்க்க முடியாது. ஒரு குறையும் இல்லாத ஊர் என்று வளைவில் எழுதியிருக்கிறார்கள். பொய் இல்லை. குறை உள்ளவர்கள் அங்கே இல்லை.

அன்று பஸ் சின்ன மொட்டையைத் தாண்டும்போது மணி பதினொன்று. வெடி வெடித்தது. கண்ணாடி அதிர்ந்தது. ஜன்னல் வழியாகத் தூசி வந்தது. சேவுகன் துண்டைத் தண்ணீரில் நனைத்துப் பிள்ளையின் முகத்துக்கு மேலே கூடாரம் மாதிரிப் பிடித்தார். பிள்ளை இருமியது. ஒரு தடவை, இரண்டு தடவை, பிறகு வெகு நேரம் நிற்காமல். மூன்று நிறுத்தம் போன பிறகு காற்று தெளிந்தது. பிள்ளை அடங்கியது. அங்கே வெற்றிலைக் கட்டோடு ஏறிய ஒருத்தி மீனாள் பக்கத்தில் உட்கார்ந்தாள். துணிக்குள் எட்டிப் பார்த்தாள்.

“என்ன பிள்ளை ஆத்தா?”

“இமை இல்லக்கா” என்றாள் மீனாள்.

அவளுக்குப் புரியவில்லை. “என்னத்தா சொல்றே? ஆணா பொண்ணான்னு கேட்டேன்.”

மீனாள் அவளையே பார்த்தாள். “பொண்ணு” என்றாள்.

சேவுகன் அப்போதுதான் அதைத் தெரிந்துகொண்டார். ஐந்து நாளாக அவரும் கேட்கவில்லை.

“சத்தமில்லாம எப்படித் தூங்குது பாரு” என்றாள் வெற்றிலைக்காரி. அவள் சொன்ன பிறகுதான் சத்தமில்லை என்பது சேவுகனுக்கு உறைத்தது. துண்டை விலக்கினார். குஞ்சுகளுக்கு வைத்துப் பார்க்கிற மாதிரிச் சுண்டுவிரலைப் பேத்தியின் மூக்குக்குக் கீழே வைத்தார். ஜன்னல் காற்று எது, மற்றது எது என்று பிரிக்க முடியவில்லை. ஜன்னலைச் சாத்தினார். மறுபடி விரலை வைத்தார்.